‘டின் மீன் டீச்சர்’ என்று சொன்னவர்களுக்கு

ஜெயக்கொடி டீச்சர் போய்விட்ட செய்தி வந்தபோது நான் காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் சண்முகம்தான் கூப்பிட்டார். “டீச்சர், ஜெயா போயிட்டா. வீட்டுக்கு வாங்க” என்றார். நான் அழுவதைப் பார்த்துப் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா விசாரித்தார். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர், புற்றுநோயில் இறந்துவிட்டார் என்றேன்.

“யாரு, அந்த டின் மீன் டீச்சரா? நோவுல கெடக்கையில டப்பா மீனைத் தின்னா உசிரு நிக்குமா?” என்றார் அவர்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, காரைக்குடிக்குத் திரும்பும் பேருந்துக்காக வெயிலில் நின்றேன். துக்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அஞ்சலி எழுதுகிறவர்கள் நிதானமாக எழுத வேண்டும் என்பார்கள். என்னால் முடிந்தவரை நிதானமாக எழுதுகிறேன். ஆனால் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

ஜெயக்கொடி கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளத்தூரில் எங்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். பல வருடங்கள் ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்பினோம். அவரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வதென்றால் ஆண்டுவிழாவில் நடந்ததைச் சொல்வேன். விருந்தினர்களுக்குத் தேநீர் கொடுக்கப் பெண் ஆசிரியைகள் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும் என்று விழாக் குழுவில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே தட்டுகளைத் தேடினோம். ஜெயக்கொடி மேடைக்கு முன்னால் போய், விருந்தினர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். சொன்னவர் ஓடிவந்தார். “காலையிலேருந்து நின்னு கால் வலிக்குது சார். எனக்கும் ஒரு டீ சொல்லுங்க” என்றார் ஜெயக்கொடி. அந்த வருடம் தேநீரைக் கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருடங்களிலும் அப்படித்தான்.

அவருக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தபோது சண்முகத்தின் அக்கா பஞ்சவர்ணம் திருப்பத்தூரிலிருந்து வந்து காத்திருந்தார். தம்பி பொண்டாட்டியைத் தேற்றி எழுப்பாமல் ஊர் திரும்புவதில்லை என்ற முடிவோடு வந்தவர். பஞ்சவர்ணம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடியுமுன் எழுந்து கஞ்சி காய்ச்சுவார், ஜெயக்கொடியின் துணிகளைத் தானே துவைப்பார். ஆனால் அந்த வீட்டுச் சமையலறைக்குள் மீன், கருவாடு, முட்டை எதுவும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மீன் புண்ணைக் கிளறிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஜெயக்கொடி குணமாகும்வரை கவுச்சி தொடமாட்டாள் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தார்.

மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு ஜெயக்கொடியின் வாயெல்லாம் புண். பருப்பு சாப்பிட்டால் வயிறு உப்பியது. கஞ்சி மட்டுமே இறங்கியது. அடுத்த ஊசிக்குப் போனபோது எடை குறைந்திருந்தது, ரத்த அணுக்களும் போதவில்லை. மருத்துவர் ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார். “இப்படியே இறங்கிட்டுப் போனா எங்களால மருந்து குடுக்க முடியாதும்மா. புரதம் உள்ள போகணும். மீன், முட்டை எல்லாம் நல்லா வேகவச்சுச் சாப்பிடுங்க” என்று அங்கிருந்த உணவு ஆலோசகர் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை நான் அங்கே போயிருந்தேன். ஜெயக்கொடி கட்டிலில் உட்கார்ந்தபடி, “நாளைக்கு மீன் செய்யணும்” என்றார்.

பஞ்சவர்ணம் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன பேச்சுப் பேசுற நீயி? நா வாய்விட்டு நேந்திருக்கேன்.”

“நேந்துக்கிட்டது நீங்க மதினி. அப்ப விரதமும் நீங்கதான் இருக்கணும். நா நேரலையே.”

“சாமி விசயத்துல வெளையாடாத.”

“நா வெளையாடல. எனக்கு ஊசி போடலைன்னா நா செத்துருவேன். அம்மனுக்கு அது தெரியும். உங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது.”

பஞ்சவர்ணம் அழுதுகொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டார். சண்முகம் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றார். ஜெயக்கொடி அவரைப் பார்த்து, “நீங்க ஒண்ணும் பேச வேணாம். உருளைக்கிழங்கு மட்டும் வாங்கிட்டு வாங்க” என்றார்.

சந்தையில் மீன் வாங்கிச் செய்யலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மருந்துக்குப் பிறகு அவருக்கு வாசனைகள் மாறிப்போயிருந்தன. மீன் அலசுகிற வாடை தெருவில் வந்தாலே அவருக்குக் குமட்டியது. அப்போதுதான் அலமாரியில் கிடந்த டின்கள் நினைவுக்கு வந்தன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் டின்னில் அடைத்த சூரை மீன் கொண்டுவருவார். யாரும் தொட்டதில்லை. ஏற்கெனவே வெந்த மீன் என்பதால் அந்தப் பச்சை வாடை இருக்காது. எண்ணெயில் போட்டவற்றை ஒதுக்கிவிட்டு, தண்ணீரில் போட்டவற்றை மட்டும் எடுக்கச் சொன்னார் ஜெயக்கொடி. தேதி முடிந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். எதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்ல, நான் செய்தேன். மீனை வடிகட்டியில் கொட்டி, உப்பு போக ஒருமுறை அலசி, கையால் ஒட்டப் பிழிந்தேன். சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலையைப் பொடியாக அரிந்து வதக்கினேன். பச்சையாக எதுவும் சாப்பிடக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வாய்ப்புண்ணுக்காக மிளகாயை விட்டுவிட்டுச் சிட்டிகை மிளகுத்தூளும் சோம்புத்தூளும் மட்டும் போட்டேன். பிசைந்து கட்லெட்டாகத் தட்டிக் கல்லில் போட்டால் எல்லாம் உதிர்ந்து பொரியல் மாதிரி ஆகிவிட்டது.

ஜெயக்கொடி சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “செய்யுள் பிரிக்கிற மாதிரி மீனையும் பிரிச்சுப்புட்டீகளே! இன்னும் ஒரு டின்னை ஒடைங்க” என்றார்.

இரண்டாவது முறை வேகவைத்த உருளைக்கிழங்கு கொஞ்சம், ஒரு முட்டை, வறுத்துப் பொடித்த அவல் எல்லாம் சேர்த்துப் பிசைந்து சற்று நேரம் வைத்தோம். தட்டித் தோசைக்கல்லில் போட்டு, சுற்றிலும் துளி நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டபோது உருக்குலையாமல் நின்றது. ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் பொரிக்கிற கடைக் கட்லெட் போல மொறுமொறுவென்று இல்லை. உள்ளே மெத்தென்று, புண்ணான வாய்க்கு இதமாக இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி வாசற்படியில் நின்ற பஞ்சவர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. “மொளகா இல்லாம ஒரு மீனா? காரைக்குடியில இப்படியும் ஒரு அடுப்படியா?” என்றார். ஜெயக்கொடி ஆவி பறக்கும் கட்லெட்டைப் பிட்டு வாயில் வைத்து, மெல்ல மென்று விழுங்கினார். பிறகு இன்னொன்று கேட்டார். அது வயிற்றில் தங்கியது.

ஊருக்குச் செய்தி போக அதிக நாள் ஆகவில்லை. சண்முகத்துக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் பார்க்க வந்தார். வந்தவர் கையில் ஒரு பை மூலிகைப் பொடி.

“ஏம்மா, விராலும் கெண்டையும் கெடைக்கிற ஊருல டப்பாவுல அடைச்ச மீனையா திங்கிறது? அதுல போடுற மருந்துலதான் இந்த நோயே வருதுங்கிறாக. ஊரே சிரிக்குது” என்றார்.

“சிரிக்கட்டும் மாமா. எனக்கு வெயிட் ஏறுது” என்றார் ஜெயக்கொடி.

“பெரியவக சொன்னா ஒரு காரணம் இருக்கும்.”

“இருக்கும். டாக்டரும் காரணத்தோடதான் சொன்னாக. அந்தப் பொடியில என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. அவுககிட்டக் கேட்டுட்டுக் குடிக்கிறேன்.”

அவர் எழுந்துகொண்டார். பையை வைத்துவிட்டுப் போனார். வாசலைத் தாண்டியதும் அவர் என்ன பேசியிருப்பார் என்பது, ஜெயக்கொடி இறந்த அன்று பேருந்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

தள்ளிவைத்த ஊசியைப் போட்டார்கள். அதற்கடுத்தது தள்ளிப்போகவில்லை. டின் மீன்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெயக்கொடியும் அப்படிச் சொன்னதில்லை. மருந்து, ஓய்வு, பஞ்சவர்ணத்தின் கஞ்சி எல்லாம் இருந்தது. அவர் சொன்னது ஒன்றுதான்: “இந்த வீட்டுல எல்லாரும் எனக்காகப் பயப்படுறீக. பயந்தவுக கையில என் சாப்பாட்டைக் குடுக்க முடியாது.”

ஒருநாள் பள்ளி முடிந்து போனபோது ஜெயக்கொடி எழ முடியாமல் படுத்திருந்தார். சமையலறையிலிருந்து வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். பஞ்சவர்ணம் கல்லுக்கு முன்னால் நின்று கட்லெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். மூக்கில் முந்தானை இல்லை. என்னைக் கண்டதும் கொஞ்சம் தடுமாறினார்.

“இங்குட்டு வா. உப்பு சரியா இருக்கான்னு வாயில போட்டுப் பாரு. நா தொட முடியாது, வெரதம்” என்றார்.

அவர் மீனென்றால் உயிரை விடுபவர் என்று சண்முகம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மாதங்கள் முழுக்கத் தன் கையால் மீனைப் பிசைந்து சுட்டுக் கொடுத்துவிட்டு, ரசமும் அப்பளமும் சாப்பிட்டு எழுந்தார். நேர்ந்துகொண்டவர்தான் விரதம் இருக்க வேண்டும் என்று ஜெயக்கொடி சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிகிச்சை முடிந்து ஜெயக்கொடி பள்ளிக்குத் திரும்பினார். முடி வளர்வதற்குள் ஏன் அவசரம் என்று கேட்டவர்களிடம், “பிள்ளைகளுக்கு என் மூளைதானே வேணும்?” என்றார். மதிய உணவு டப்பாவைத் திறந்தால் சில நாட்கள் அந்தக் கட்லெட் இருக்கும். முகம் சுளித்தவர்களும் உண்டு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு. மறைத்து வைத்துச் சாப்பிட மட்டும் அவருக்கு வரவில்லை. ஒரு முழுக் கல்வியாண்டும் அதற்கு மேலும் பாடம் நடத்தினார்.

பிறகு நோய் கல்லீரலில் திரும்பி வந்தது. இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று மருத்துவர்கள் சொன்னதை அவர் நேரில் கேட்டுக்கொண்டார். கடைசி வாரத்தில் உணவை நிறுத்திவிட்டார். பார்க்க வந்தவர்கள் இப்போது எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். “ஒரு வாய் குடி, அந்த மீனையாவது தின்னு” என்று கெஞ்சினார்கள். அவர் என் கையைப் பிடித்து அருகில் இழுத்தார். “அப்பத் திங்காதன்னாக, இப்பத் தின்னுங்கிறாக. எனக்கு வேணாம் டீச்சர். நீங்க வாசல்ல நின்னு சொல்லிருங்க” என்றார். நான் வாசலில் நின்று சொன்னேன். பஞ்சவர்ணம் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பஞ்சில் நனைத்த தண்ணீரை உதட்டில் தொட்டுவைத்ததைத் தவிர வேறு எதையும் நாங்கள் அவர்மேல் திணிக்கவில்லை.

கருமாதி அன்று பந்தியில் அந்தச் சித்தப்பா சத்தமாகவே ஆரம்பித்தார். அப்போதே சொன்னேன், கேட்டாளா, டின் மீனைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்றார். நான் எழுந்தேன். அதற்குள் பரிமாறிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் வாளியை இறக்கிவைத்துவிட்டு அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“சித்தப்பா, அந்த மீனைப் பெசஞ்சதும் இந்தக் கை, சுட்டதும் இந்தக் கை. குத்தம்னா எங்கிட்டக் கேளுங்க. அவ செத்தது நோயில. தண்ணிகூட எறங்காமக் கெடந்தவ, அதைத் தின்னுட்டு எந்திரிச்சு நடந்தா, பள்ளிக்கூடம் போனா. நீங்க பொடியக் குடுத்துட்டுப் போனீக, அப்புறம் ஒரு நா வந்து பாத்தீகளா? அவ வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே அவளைப் பேசாதீக.”

சண்முகம் தூணருகே நின்று, சத்தமில்லாமல் அழுதார்.

அவரை அறிந்தவர்களே, நடந்தது இதுதான். இனி யாராவது உங்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று யோசித்தேன். போன வாரம் என் தங்கைக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அவளைப் பார்க்க வந்த பெரியம்மா தட்டில் இருந்த முட்டையைக் கண்டதும் நகர்த்தி வைத்து, “இதைத் தின்னா புண்ணு ஆறுமா?” என்றார். எங்கள் குடும்பத்தில் பெரியம்மாவை எதிர்த்து யாரும் பேசியதில்லை. நான் தட்டை எடுத்துத் தங்கையின் மடியில் திரும்ப வைத்தேன்.

“டாக்டர் சொல்லியிருக்காக பெரியம்மா. அவ சாப்பிடுவா. உங்களுக்குக் காபி போடவா?”

எப்படியோ சொல்லிவிட்டேன். பெரியம்மா காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னார்.