கால் பட்டால்

கனடாவில் பல வருடங்கள் உதைபந்தாட்டக் கழகங்களுக்காக நடுக்களத்தில் ஆடிவிட்டு டென்மார்க்கின் வைலே நகருக்கு வந்தும் ஒரு பழக்கம் என்னை விடவில்லை. யார்மீது கால் பட்டாலும் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். நடுக்களத்தில் கால் படாமல் ஆட முடியுமா? நான் குனிந்து நிமிர்வதற்குள் பந்து பறிபோய்விடும்.

"அண்ணை, இதென்ன கோயிலே? பந்தைப் பாருங்கோ!" என்று எங்கள் கோல்காப்பாளர் கத்துவார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். அவருக்கு மட்டும் இந்தப் பழக்கம் எப்படி விட்டுப்போனதோ!

போன ஞாயிறு ஹோர்சன்ஸ் அணியின் டேனிஷ்காரர் ஒருவர் என் முழங்காலில் உதைத்துவிட்டார். அவர்களுடனான முந்தைய ஆட்டத்தில் நான் உதைத்துத் தொட்டுக் கும்பிட்ட அதே மனிதர். நடுவர் விசில் ஊதவில்லை. அவரோ ஓட்டத்தை நிறுத்தி, குனிந்து, என் முழங்காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் நிமிர்ந்தபோது பந்து அவர்களுடைய வலைக்குள் கிடந்தது.