எதிர்ச்சுற்று

கொள்ளிடக் கரைப் பக்கம் காலையில் ஒரு கூட்டம் ஓடுகிறது. டாக்டர், பேங்க் மேனேஜர், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், கையில் கறுப்புக் கடிகாரம். அது நெஞ்சு எத்தனை தடவை அடிக்கிறது என்றுகூடச் சொல்லுமாம். போன வாரம் அதில் ஒரு பையன் என்னை நிறுத்தினான். "ஆன்ட்டி, சும்மா நடந்தா பத்தாது. ஒரு டார்கெட் வெச்சுக்கணும். எங்க குரூப்ல சேருங்க, மூணு மாசத்துல உங்களை அஞ்சு கிலோமீட்டர் ஓட வெச்சுடறோம்" என்றான்.

தேய்ந்த டயருக்குப் புது மேல்பட்டை ஒட்டுகிற ரீட்ரெடிங் பட்டறை இரண்டு வைத்திருக்கிறேன். பதினெட்டு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள், அதில் மூன்று பேர் பட்டதாரிகள். நான் எட்டாங் கிளாஸ். எனக்கு டார்கெட் சொல்லித்தர வந்துவிட்டான். அவனைப் பெற்றவர்கள் சட்டை போடாமல் தெருவில் விளையாடிய காலத்திலேயே டார்கெட் வைத்து ஓடியவள் நான். மற்றவர்கள் படித்து எட்டாவதுக்குப் போனார்கள். நான் ஓடிப் போனேன். அந்தக் கதையை அவனிடம் சொல்லவில்லை, மூச்சிரைத்துக் கொண்டிருந்தான் பாவம். இங்கே சொல்கிறேன்.

எழுபத்தேழில் பெரிய வெள்ளம் வந்ததற்கு மறுவருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாவது படித்தேன். ஸ்ரீரங்கத்தில் தெற்கு உத்திர வீதியில் அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. ஒரு பெரிய வீட்டின் முன்னறைதான் கடை. வீட்டுக்காரர் கோயில் காரியங்களில் பெரிய மனிதர், நாங்கள் சாமி என்று கூப்பிடுவோம். அப்பா நாள் முழுக்க முக்காலியில் குனிந்து பஞ்சர் ஒட்டி, ஒரு தொப்பையும் இரண்டு முட்டிகளிலும் வலியும் சேர்த்து வைத்திருந்தார்.

ஏழாவதோடு என் படிப்பை நிறுத்துவது என்று அம்மா முடிவெடுத்திருந்தாள். நான் விடுவேனா? பள்ளிக்கூடங்களுக்கிடையே நடக்கும் ஜோனல் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் எட்டாவதுக்கு அனுப்ப வேண்டும் என்று அடுப்படி வாசலில் நின்று பந்தயம் கட்டினேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"போன வருஷம் ஸ்கூல்லயே கடைசியா வந்தவதானடி நீ? சரி, மொதல்ல வா. எட்டாவது போ. ரெண்டாவதா வந்தாக்கூட மறுநாளிலேருந்து உலை வைக்கிறது நீதான்."

நான் ஜெயிக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில் விளக்கின் மேல் சத்தியமும் செய்தாள். அங்கேதான் அவள் என்னைத் தப்பாக எடைபோட்டாள். இன்றைக்கு வரைக்கும் நிறையப் பேர் அப்படிப் போட்டு ஏமாந்திருக்கிறார்கள்.

என்னிடம் கடிகாரம் கிடையாது. உத்திர வீதி நான்கும் கோயிலைச் சுற்றிச் சதுரமாக ஓடுகின்றன. ரேடியோவில் காலைச் செய்தி தொடங்கியதும் கடை வாசலிலிருந்து கிளம்புவேன். அந்த நாளில் வீட்டுக்கு வீடு ரேடியோ, எல்லா வீட்டிலும் அதே செய்தி. மேற்கு வீதியில் பிரதமர் பேசுவார், வடக்கு வீதியில் தாயார் சன்னதி வாசலைத் தாண்டும்போது வெளிநாட்டில் எங்காவது சண்டை நடக்கும். ஒரு வாக்கியம்கூட விட்டுப்போகாது. முதல் வாரம் நான் திரும்பி வந்தபோது செய்தி முடிந்து பாட்டும் பாதி ஓடியிருந்தது. அடுத்த மாதம் பாட்டு தொடங்குமுன் வந்தேன். அதற்கடுத்த மாதம் தலைப்புச் செய்திகளை மறுபடி படிக்கும்போது. கடைசியில் விளையாட்டுச் செய்தி தொடங்கும்போதே கடை வாசலில் நின்றேன். இதுதான் என் டார்கெட், இதுதான் என் கடிகாரம். பேட்டரி மாற்ற வேண்டியதில்லை.

கோலம் போடுகிற மாமிகளுக்கெல்லாம் என்மேல் பிரியம். "குழந்தை தெனமும் பெருமாளை வலம் வரா பாரு" என்பார்கள். வீட்டுக்காரச் சாமி ஒருநாள் கூப்பிட்டுக் கல்கண்டு கொடுத்தார். நான் எட்டாவதை வலம் வந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. கல்கண்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஜோனலுக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் வந்தது. நேராக ஓடும்போது நான்தான் முன்னால். வளைவு வந்தால் காலுக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் கோட்டை விட்டு வெளியே வெளியே போனேன். ஒருத்தியை இடித்துத் தள்ளியும் விட்டேன். மூன்று பேரை எடுத்தார்கள், மூன்றாவதாக எப்படியோ ஒட்டிக்கொண்டேன். பி.டி. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் காதைப் பிடித்தார்.

"எங்கடி ஓடிப் பழகுற?"

"உத்திர வீதி டீச்சர்."

"எந்தப் பக்கமா சுத்துவ?"

என்ன கேள்வி இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "பெருமாள் வலது கைப் பக்கம் இருப்பாரு டீச்சர். அப்படித்தானே சுத்துவாங்க?"

டீச்சர் மேலப்புதூர் பக்கத்துக்காரர், வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். காதை விட்டார். பிறகு சிரித்துவிட்டார். "மைதானத்துல மாத்திடி. இடது கைப் பக்கமாத்தான் திரும்பணும். நாலு மாசமா உன் காலுக்கு நீ வலது பக்கம் திரும்பவே கத்துக் குடுத்து வெச்சிருக்க. இன்னும் மூணு வாரம் இருக்கு. மாத்து."

மாற்று என்று சொல்லிவிட்டார். எங்கே போய் மாற்றுவது? பள்ளிக்கூட மைதானம் காலையில் பூட்டிக்கிடக்கும், சாயங்காலம் பையன்கள் பந்தடிப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெருவைச் சுற்றினாலும் அது பெருமாளைச் சுற்றுவதில்தான் முடியும். உள்ளே உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி. இடது கைப் பக்கமாகச் சுற்ற வேண்டுமானால் பெருமாளைத்தான் எதிர்ச்சுற்றாகச் சுற்ற வேண்டும். சாவுக்குத்தான் அப்படிச் சுற்றுவார்கள் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் செய்தி தொடங்கியது. நான் கிழக்கே திரும்பி ஓடினேன்.

கிழக்கு வீதி வெள்ளைக் கோபுரம் தாண்டுவதற்குள் வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. "ஏய் குட்டி, திரும்பு! திரும்புடி!" என்று ஒரு மாமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு குறுக்கே வந்தாள். "யாரு போயிட்டா, இப்படிச் சுத்தறே?" என்று ஒரு தாத்தா. பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கியே விட்டார். நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பிரதமர் அன்றைக்குக் கிழக்கு வீதியில் பேசினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள். முதுகில் இரண்டு விழுந்தது. பின்னாலேயே சாமி வந்தார். அவர் குரலை உயர்த்தியதை நான் பார்த்ததே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"உன் பொண்ணு பண்றது நன்னாருக்காப்பா?" என்று அப்பாவைத்தான் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "பால்காரரு தெனமும் எதிர்ப்பக்கமா போறாரு. மாட்டு வண்டி போகுது. அவங்களைக் கேட்டீங்களா சாமி?"

"அவா காரியமா போறா. நீ சுத்தறே."

"நானும் காரியமாத்தான் போறேன். எட்டாங் கிளாஸுக்குப் போறேன்."

அம்மாவின் மூன்றாவது அடி அதற்குத்தான். சாமி என்னைப் பார்க்கவே இல்லை. "உள்ளே வா" என்று அப்பாவை மட்டும் கூப்பிட்டார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு போனார். ஒரு டியூபுக்குக் காற்றடிக்கும் நேரம் கழித்து வெளியே வந்தார்.

"ஓடட்டும்" என்றார் அம்மாவிடம்.

"சாமி என்ன சொன்னாங்க?"

"என்னையும் நடக்கச் சொல்றாங்க. தொப்பை பெருசாயிடுச்சாம்."

என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் சாமி வாயடைத்துப் போனார் என்று முடிவு கட்டினேன். அதை வெகு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

மறுநாளிலிருந்து அப்பாவும் நடந்தார். நான் கிளம்பும் முன்பே அவர் கிளம்பிவிடுவார். அவர் வலமாக, நான் எதிராக. அதனால் ஒரு சுற்றில் நிச்சயம் எதிரே வருவார். தொப்பை முன்னால் வரும், அப்பா பின்னால் வருவார். செருப்பைக் கடையில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கேட்டதற்கு, "தரை படணும் பாப்பா, அப்பத்தான் முட்டிக்கு நல்லது" என்றார். நம்பினேன். முதல் நாள் ஒரே சுற்றில் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கோ டார்கெட் வைக்கும் புத்தி. விடவில்லை.

"என்னப்பா இது, நான் பெரிய முள், நீ சின்ன முள்ளா? நாளைக்கு ரெண்டு சுத்து!"

இரண்டாவது வாரம் இரண்டு சுற்று. மூன்றாவது வாரம் மூன்று. நான் ஓடி முடித்து, குளித்து, பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் மேற்கு வீதி முனையில் அவர் தலை தெரியும். எதிரே கடக்கும்போதெல்லாம் "கையை வீசு! கையை வீசுப்பா!" என்று டீச்சர்போலக் கத்துவேன். அவரும் வீசுவார். என் டிரெயினிங்கில்தான் அவருக்குத் தொப்பை கரைந்தது என்பது அன்றைய என் பெருமைகளில் ஒன்று.

கடைப் பலகையின் உள்பக்கத்தில் சாக்பீஸ் கோடுகள் வர ஆரம்பித்தன. நான் ஓடிவிட்டு வந்ததும் சாமி வந்து மூன்று கோடு போடுவார். அப்பா ஒரு சுற்று முடித்து வந்ததும் ஒரு கோட்டை விரலால் அழிப்பார். பெரியவர்கள் ஏதோ ஆட்டம் ஆடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேலை இருந்தது. வளைவில் இடது தோளைத் தாழ்த்த வேண்டும், வலது கையை அகலமாக வீச வேண்டும். ஒவ்வொரு முனையிலும் திட்டு விழும். திட்டுக்குத் திட்டு கால் வேகம் கூடியது. இருபதாவது நாள் விளையாட்டுச் செய்திக்கு வெகுமுன்னாலேயே வந்து நின்றேன், எதிர்ச்சுற்றில்.

போட்டி டவுனில் ஒரு காலேஜ் மைதானத்தில். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு சுற்று ஓட வேண்டும். வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்ட ஒருத்தி என் வெறுங்காலைப் பார்த்துத் தன் சிநேகிதியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். முதல் சுற்று முழுக்க அவள் முதுகைத்தான் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் கடைசி வளைவு வந்தது. அவள் ஒரு முழம் வெளியே விலகினாள். நான் உள்கோட்டை ஒட்டியே ஓடினேன். என் இடது பக்கம் பெருமாள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவரைச் சுற்றுவதுபோலவே சுற்றினேன். ஒரு கை நீளத்தில் ஜெயித்தேன். டீச்சர் விசிலை விடாமல் ஊதினார், போட்டி நடத்தியவர்கள் வந்து நிறுத்தச் சொல்லும் வரைக்கும்.

பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். அம்மா அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "நல்ல கனமாத்தான் இருக்கு" என்றாள். சத்தியத்தை மீறவில்லை. எட்டாவதுக்குப் போனேன். எட்டாவது முடிந்த கோடையில் வயதுக்கு வந்தேன், ஓட்டமும் படிப்பும் ஒன்றாக நின்றுபோயின. ஒன்பதாவதுக்குப் பந்தயம் கட்ட அம்மா தயாராக இல்லை. சரி என்று கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். அங்கிருந்து லாரி டயர் வரை வந்தது தனிக் கதை. அதிலும் ஊர் சொன்ன பக்கமாக நான் சுற்றவில்லை. இப்போதும் சொல்கிறேன், அன்றைக்கு நான் செய்தது தப்பில்லை. பெருமாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாமி அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு அப்பாவிடம் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னது, அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து, என் முதல் பட்டறையின் பால் காய்ச்சும் நாளில். ஒரு எதிர்ச்சுற்றுக்கு மூன்று வலம், பெற்றவன் காலால், செருப்பில்லாமல். இல்லையென்றால் கடைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பா ஒரு வார்த்தை பேரம் பேசவில்லையாம்.

போட்டிக்கு மறுநாள் காலை, நான் ஓடவில்லை. டம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டு கடைப் படியில் ராணிபோல் உட்கார்ந்திருந்தேன். பலகையில் இன்னும் ஆறேழு வரிசைக் கோடுகள் அழியாமல் இருந்தன. அப்பா செருப்பைக் கழற்றி வைத்தார்.

"நான்தான் ஜெயிச்சாச்சே. இன்னும் ஏம்ப்பா நடக்குற?"

"கொஞ்சம் இருக்கு பாப்பா."

"எது, தொப்பையா?" என்று கேட்டு நான் காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். அவரும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். பிறகு மேற்கே பார்த்து நடந்தார், நான் சொல்லிக்கொடுத்தபடி கையை வீசிக்கொண்டு. நான் அவர் தொப்பையைத்தான் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை.