பச்சை ஸ்வெட்டர் போட்ட ஜூன்

ஹாலிவுட் பக்கத்தில், பர்பாங்கில் நான் செய்கிற வேலையை என் அம்மாவுக்கே இன்னும் விளக்க முடியவில்லை. தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் எழுதித் தள்ளுவதைச் சரிபார்த்து, படப்பிடிப்புக்கு அனுப்புகிறவன் நான். முதலில் வெள்ளைத் தாள். மாற்றினால் நீலத் தாள், மறுபடியும் மாற்றினால் ரோஸ், அப்புறம் மஞ்சள். மாறிய வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். எல்லோரும் நட்சத்திரம் உள்ள வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

போன வருஷம் எங்களுக்கு வந்தது லேடி கோபால்ட். பழைய காமிக்ஸ் நாயகி. நீல உடை, மஞ்சள் முடி, ஒரே கையால் ரயிலை நிறுத்துவாள். ஊரையே காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. அவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி, ஜூன்.

அந்த ஜூன் பிறந்த கதைதான் விசேஷம். 1974இல் வந்த நாற்பத்தேழாவது இதழின் கடைசிக் கட்டத்தில் லேடி கோபால்ட் தனியாக உட்கார்ந்து சூப் சாப்பிடுகிறாள். ஓவியர் வரைந்தது ஜன்னல் கண்ணாடியில் தெரியும் அவளுடைய பிம்பத்தைத்தான். அச்சில் வந்தபோதோ பிம்பத்துக்குப் பழுப்பு முடி, பச்சை ஸ்வெட்டர். எதிரே இன்னொருத்தி உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. யார் அவள் என்று வாசகர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். தப்பை ஒத்துக்கொள்ள மனசு வராத ஆசிரியர், "அவள் பெயர் ஜூன்" என்று பதில் போட்டார். ஐம்பது வருஷமாக ஜூன் அப்படித்தான் இருந்துவருகிறாள்.

எங்கள் தொடரின் தலைமை எழுத்தாளர் கிரெட்சன் ஓடலுக்கு ஜூன் என்றால் உயிர். பத்து வாரக் கதையிலும் இரண்டு பேரையும் சேர்த்தே எழுதி வைத்திருந்தாள். ஸ்டுடியோ வக்கீல் பிங்காம்தான் முட்டுக்கட்டை போட்டார். ஜூனை உண்டாக்கியது யார் என்று எழுத்தில் வேண்டுமாம். ஓவியரும் ஆசிரியரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தேடித் தேடி நான் கண்டுபிடித்த ஒரே உயிர், கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த வெர்னா ஹலாஸ். வயது எழுபத்தைந்து. அந்தப் பக்கத்துக்கு அச்சுக்குப் போகுமுன் வர்ணம் பூசிய கை அவளுடையது.

விமான நிலையத்தில் கம்பளிக் கோட்டோடு வந்து இறங்கினாள். இங்கே அன்றைக்குக் கொளுத்துகிற வெயில். கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. ஸ்டுடியோ கேண்டீனில் தட்டை வாங்கிக் கொடுத்தேன். அதை ஒதுக்கிவிட்டு, கைப்பையிலிருந்து தான் கட்டிக்கொண்டு வந்த சாண்ட்விச்சை எடுத்தாள்.

"ஊர்ல யாரு இருக்காங்க உங்களுக்கு?" என்றேன்.

"ஜன்னல் இருக்கு" என்றாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

காமிக்ஸ் அச்சடிக்கிற பிளேட் செய்கிற தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இருந்தாளாம். பதினைந்து பெண்கள், வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு கட்டத்திலும் இன்ன இடத்துக்கு மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை, நீலம் இத்தனை என்று எண் போட்டு வரும். அதன்படி பூச வேண்டும், யோசிக்கக் கூடாது. தொழிற்சாலை மூடிய பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம். நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்து தனக்கு ஒரு கிண்ணம் சூப் வைத்துக்கொள்வாள். மேஜையோ ஜன்னலைப் பார்த்துப் போட்டது.

"வாடகை ரூம், கண்ணு. வேற பக்கம் மேஜை போட முடியாது. இருட்டினா கண்ணாடில நான்தான் தெரிவேன். ஒருத்திக்கு ஒருத்தி தொணைன்னு விட்டுட்டேன்." சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "அந்தக் கட்டம் என் மேஜைக்கு வந்துச்சு. இவ்ளோ பலம் இருந்தும் இவளும் நம்மள மாதிரிதானான்னு இருந்துச்சு. என்கிட்ட அப்போ ஒரே ஸ்வெட்டர். பச்சை. மேல் பொத்தான் போயிருந்துச்சு. அதப் போட்டு அவ எதிர்ல நான் உக்காந்துட்டேன்."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "அப்போ அது தப்பு இல்லையா?"

"வேணும்னேதான் பண்ணேன். சூப்பர்வைசர் பதினாலு பேர் முன்னாடி குருடியான்னு கேட்டான். ஆமா, தப்பாயிடுச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. என் வாழ்க்கைல நானா யோசிச்சுப் பண்ணது அது ஒண்ணுதான், ரஸ். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அதற்காகத்தான் கோட்டு என்று அப்போது புரிந்தது. அவளிடம் இருந்த நல்ல உடை அது.

கூட்டத்தில் பிங்காம் அவளை முந்திக்கொண்டார். மனுஷன் மோசமில்லை, நிதானமாகத்தான் சொன்னார். "அம்மா, கைத்தவறுதல்னா ஜூன் கம்பெனிக்குச் சொந்தம். இங்க ஒரு கையெழுத்து, வேலை முடிஞ்சுது. வேணும்னு நீங்களே உண்டாக்கினதுன்னா விஷயம் வேற. அந்தக் காலத்துல உங்ககிட்ட ஒரு காகிதமும் எழுதி வாங்கல. பேசி முடிக்க ஒரு வருஷம் ஆகும். படப்பிடிப்புக்கு மூணு வாரம்தான் இருக்கு."

"அப்படின்னா?" என்றாள் வெர்னா.

கிரெட்சன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஜூன எடுத்துடணும். எனக்கு வேற வழி தெரியல."

"ஜூன் இல்லன்னா அவ யாரோட உக்காந்து சாப்பிடுவா?"

"தனியாத்தான்."

வெர்னா என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்ல வேண்டியது அவள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல்தான்.

"தப்புதான்" என்றாள். "அன்னிக்கு என் கண்ணு சரியாத் தெரியல."

பிங்காம் பேனாவை நீட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் நன்றி சொன்னார்கள். யாரோ லேடி கோபால்ட் படம் போட்ட காபிக் கோப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று.

காரில் அவளாகவே சொன்னாள். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நான் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு மறுபடியும் சூப்பப் பார்த்துக்கிட்டுத் தனியா உக்காந்திருக்கும். எனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும்."

இரண்டு வாரம் கழித்து மஞ்சள் தாள் என் கைக்கு வந்தது. அதற்குள் எங்கள் எழுத்தாளர் மகான்கள் ஜூனுக்குச் சிவப்பு முடி, தோல் ஜாக்கெட், மோட்டார் சைக்கிள் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். ஜூனிடம் வெர்னாவுடையது என்று மிச்சமிருந்த சாயலும் போயிற்று. மோட்டார் சைக்கிளை நான் தொடவில்லை. சிவப்பு முடி என்பதைப் பழுப்பு முடி என்று டைப் அடித்தேன். ஜாக்கெட்டை எடுத்துவிட்டு, பச்சை ஸ்வெட்டர், மேல் பொத்தான் இல்லை என்று அடித்தேன். ஓரத்தில் நட்சத்திரம் போடவில்லை. பதினெட்டு வருஷத்தில் நான் விட்ட ஒரே நட்சத்திரம் அது. ஒருவரும் படிக்கவில்லை, படித்தது உடை தைக்கிறவள் மட்டும். அவள் எழுதியிருந்தபடியே செய்துவிட்டாள்.

முதல் வாரம் ஒளிபரப்பானபோது பிரிட்ஜ்போர்ட்டில் எட்டு மணி, இங்கே ஐந்து. நான் அலுவலகத்தில் இருந்தேன். போன் அடித்தது.

"ரஸ், அவ ஸ்வெட்டர்ல மேல் பொத்தான் இல்ல."

"அப்படியா?"

"யாரு சொன்னா இவங்களுக்கு?"

"யாரும் சொல்லல. டைப் அடிக்கறப்போ தப்பா விழுந்திருக்கும். அன்னிக்கு என் கண்ணு சரியாத் தெரியல."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"வச்சுடாத, இரு" என்றாள். "ரெண்டு பேரும் சாப்பிட உக்காந்துட்டாங்க."

போனை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கிண்ணத்தில் ஸ்பூன் படுகிற சத்தம். அது தொலைக்காட்சியிலிருந்து வந்ததா, அவள் மேஜையிலிருந்தா என்று தெரியவில்லை. அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை நான் போனை வைக்கவில்லை.