சிங்காரம் சொன்ன அசுரன் கதை

கடலூர் துறைமுகத்தில் ஏலம் விடுகிற சிங்காரத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. சொந்த ஊர் சோனாங்குப்பம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவர், முட்டி தேய்ந்து கரையேறிப் பத்து வருஷம் ஆகிறது. எந்தக் கூடையை யார் கேட்டார்கள், யார் எந்த இடத்தில் பின்வாங்கினார்கள் என்று ஒரு காலையில் முப்பது கூடைகளின் கதை அவர் தலையில் நிற்கும். ஒன்றையும் எழுதி வைக்க மாட்டார். கூடையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார்.

பேத்தி பிறந்த அன்று நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் அதையேதான் செய்தார். லேசாகத் தூக்கிப் பார்த்து, "ரெண்டு தொள்ளாயிரம்" என்றார். தராசும் அதையே சொன்னது. அன்றிலிருந்து துறைமுகத்தில் வஞ்சிரம் எவ்வளவு என்று கேட்டு வருகிறவர்களுக்கும் முதலில் பேத்தியின் எடையைச் சொல்லிவிட்டுத்தான் மீனுக்கு வருவார்.

மகள் இளமதியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் சுரேந்தருக்கு அங்கே ஜெராக்ஸ் கடை. பிரசவத்துக்கு வந்த மகளை உள் அறையில் படுக்க வைத்து, பழைய சேலையைத் திரையாகக் கட்டி, நிலையில் வேப்பிலை செருகி, தலையணைக்கு அடியில் அரிவாள்மணையின் உடைந்த துண்டு ஒன்றை வைத்து, சட்டதிட்டங்களையும் அறிவித்துவிட்டாள் சிங்காரத்தின் மனைவி மலர்க்கொடி. பச்சைத் தண்ணீர் கூடாது. ஃபேன் கூடாது. செல்போன் கூடவே கூடாது, பச்சை உடம்புக்காரிக்குக் கண் போய்விடும். இளமதியின் செல்லைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சிங்காரத்தின் செல்லும் திரையைத் தாண்டக் கூடாது. டிவி மேலேயே இருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் வெந்நீர்ச் சொம்பை வைக்கப் போனபோது மகள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார் சிங்காரம். வலிக்கிறதா என்று கேட்டார். வலி இல்லை, கதை என்றாள்.

மூன்று வருஷமாக அவள் செல்லில், கதை போடுகிற ஒரு ஆப்பில் தொடர்கதை எழுதிவருகிறாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பாகம். மலேசியாவில்கூட அதைப் படிக்கக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. கதை திருவதிகையில் நடக்கிறது. சிவன் அசுரர்களின் மூன்று கோட்டைகளையும் எரித்தபோது சாகாமல் தப்பியவர்களில் ஒருவன் அழலன். கோயில் வாசலைக் காக்கிற வேலை அவனுக்கு. பூக்கட்டுகிறவள் ஒருத்தி, பெயர் தாழை. சிவனுக்கு ஆகாத பூவின் பெயர் என்பதால் அவளைக் கோயிலுக்குள் விடுவதில்லை. வாசலோடு நிற்பாள். உள்ளே போக முடியாத அவளுக்கும் வாசலை விட்டு நகர முடியாத அவனுக்கும் ஆசை வந்துவிடுகிறது. ஆனால் மனுஷியை அவன் தொட்ட அந்த நொடியே, தப்பிவந்த பழைய நெருப்பு அவனைத் தேடி வந்து எரித்துவிடும்.

மூன்று பாகம்தான் பாக்கி. முப்பதாம் நாள் கழிந்து சிதம்பரம் போய்விட்டால் அங்கே மாமனார், மாமியார், கொழுந்தன் என்று நிறைந்த வீடு. கைக்குழந்தையோடு செல்லைத் தொடவே நேரம் இருக்காது.

"காலேஜ ரெண்டாவது வருஷத்துல உட்டேன். டைலரிங்கையும் பாதியில உட்டேன். எதத் தொட்டாலும் பாதிதான்ப்பா. இதையாவது முடிக்கணும்" என்றாள்.

அசுரன் காதலிப்பானா என்பது சிங்காரத்துக்குத் தெரியாது. மகளின் குரல் மட்டும் தெரிந்தது. கதையைத் தன்னிடம் சொன்னால் துறைமுகத்தில் உட்கார்ந்து செல்லிடம் திருப்பிச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அது எழுத்தாகும் என்று மருமகன்தான் அவருக்கு முன்பே பழக்கியிருந்தான். அதை அவனுக்கு அனுப்பிவிட்டால், அவன் பிழை திருத்தி ஏற்றிவிடுவான்.

ஆனால் வீட்டில் மலர்க்கொடி இருக்கிறாளே, எப்படிச் சொல்வது? வழியைக் குழந்தைதான் காட்டியது. அது பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை. "உங்க தாத்தாகிட்ட சொல்லு பாப்பா, நாளைக்கும் பால்சுறா வரலன்னா அவரும் வீட்டுக்கு வர வேணாம்னு" என்பாள் மலர்க்கொடி. பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு செய்தாக வேண்டும். நேற்றே மூன்று வியாபாரிகளிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சிங்காரமும் பாப்பாவிடமே பதில் சொல்வார்.

ஆக, இளமதியும் பாப்பாவுக்குக் கதை சொன்னாள். சிங்காரம் திரைக்கு இந்தப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டுக்கொண்டார். பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டில் அசுரன் என்ற பேச்சை எடுத்தால் மலர்க்கொடி சும்மா விடமாட்டாள். அதனால் அழலன் அந்த வீட்டில் 'வாசல் மாமா' ஆனான். அடுப்படியில் இருந்த மலர்க்கொடி, வாசலில் ஒரு மாமா நிற்கிற கதைதானே என்று விட்டுவிட்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக நடந்தது. ஏலம் முடிந்ததும் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கேட்டதை வரி பிசகாமல் சொன்னார். குரலைத் தாழ்த்திப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கூடைக்காரி இளவரசி மீனுக்கு ஐஸ் போடுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் பாவம் என்று மூக்கைச் சிந்தினாள். அழலன் அழுகிற இடத்தில் பக்கத்தில் யாரோ நெத்திலி விற்ற சத்தத்தையும் செல் எழுதிக்கொண்டது. சுரேந்தர் அதை மட்டும் எடுத்துவிட்டான்.

இரண்டாவது பாகத்தில்தான் சிக்கல். மழை பெய்கிறது, கோயிலில் யாரும் இல்லை, தாழை நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறாள். இளமதியின் குரல் இறங்கியது. "அப்போ வாசல் மாமா அக்காவ என்ன பண்ணலாம்னு நெனச்சாரு தெரியுமா பாப்பா?" என்றாள். பிறகு பேச்சு இல்லை. குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற சத்தம் மட்டும் வந்தது. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இதெல்லாம் அவன் மனசுக்குள்ளே மட்டும் என்றும், நிஜத்தில் ஒரு விரல்கூட அவள்மேல் பட்டுவிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுங்கினான் என்றும் சொல்லி முடித்தாள். திரைக்கு இந்தப் பக்கம் சிங்காரத்துக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து முகம் கழுவப் போனார்.

மறுநாள் துறைமுகத்தில் மழை வரைக்கும் சொல்லிவிட்டார். அதற்குமேல் நாக்கு புரளவில்லை. இளவரசி மோவாயில் கை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளையாவது போகச் சொல்லலாம். இது போய்ச் சேரப்போவது மருமகனிடம். மாமனார் மருமகனுக்கு அனுப்புகிற சமாச்சாரமா இது? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம் ரெண்டு பேரும் குடும்ப நெலவரத்த விசாரிச்சிக்கிட்டு நல்லபடியா வூடு போய்ச் சேந்தாங்க" என்று சொல்லி அமுக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வந்த சுரேந்தர் காப்பியைக் குடிக்காமல் செல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். இளமதி திரைக்குள்ளிருந்து துருவித் துருவிக் கேட்கவும், கதையைப் படித்தவர்கள் கீழே எழுதியதை மெதுவாக வாசித்தான். இந்த மழைக்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தோமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அழலன் தாழையின் ரேஷன் கார்டையும் விசாரித்திருக்கலாமே என்று இன்னொருத்தி. இனிமேல் படிக்கப் போவதில்லை என்று நிறையப் பேர்.



"தாத்தாகிட்ட சொல்லு பாப்பா" என்றாள் இளமதி. "அவருக்கு வெக்கமா இருந்தா மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். இதுவும் பாதியிலயே போச்சுன்னு சொல்லு."

அவள் விம்முகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. மலர்க்கொடி வந்தாள். செல், கதை, வாசல் மாமா யார் என்பது எல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டது. பச்சைக்குழந்தை காதில் அசுரனையா ஊதினீர்கள் என்று கேட்டாள். திருவதிகையில் வாசலில் நிற்கிற அசுரர்களைத் தாண்டித்தானே நாமே சாமியைப் பார்க்கப் போகிறோம் என்று சிங்காரம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அன்றிலிருந்து கதை சொல்லக் கூடாது, சிங்காரம் திரைக்குப் பக்கத்தில் உட்காரவும் கூடாது என்று ஆகிவிட்டது.

கடைசி வெள்ளிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு மகளைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போகிறார்கள். புதன்கிழமை வெந்நீர் வைக்கிற சாக்கில் உள்ளே போய், முடிவை மட்டுமாவது சொல்லச் சொன்னார். இந்தத் தடவை ஒன்றையும் விடமாட்டேன் என்றார். பேத்தியின் கால் விரல்களைப் பார்த்தபடிதான் சொன்னார்.

இளமதி குழந்தையின் காலைத் துணியால் இழுத்து மூடினாள். "தொட்டா எரிஞ்சி போயிடுவான். தொடாமயே உட்டா மூணு வருஷம் எழுதுனதுக்கு அர்த்தமே இல்ல. எனக்கே தெரியலப்பா" என்றாள்.

வியாழக்கிழமை ஏலத்தில் சிங்காரம் இரண்டு தரம் ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டார். பத்து வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. கூட்டம் கலைந்தபின் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். தொட வேண்டும், தொடக் கூடாது. அப்படி ஒரு நிலைமையில் ஒருவன் என்னதான் செய்வான்? யோசிக்க யோசிக்க, இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு மத்தியானம் அவருக்கு ஞாபகம் வந்தது.

கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. கடலில் இன்ஜின் நின்றுபோய், மூன்று நாள் காற்று இழுத்த பக்கமெல்லாம் போய், காரைக்கால் படகுக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். கரை முழுக்க ஜனம். அம்மா கட்டிக்கொண்டு அழுதாள், சித்தப்பாக்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள், யார் யாரோ முகத்தைத் தடவினார்கள். மலர்க்கொடி மட்டும் வரவில்லை. அத்தனை பெரியவர்கள் நிற்கும்போது புதுப்பெண் எப்படி வருவாள்? மணலில் ஏற்றி வைத்திருந்த யாருடைய படகுக்கோ அந்தப் பக்கம் நின்றாள். கால் தள்ளாடுகிற மாதிரி காட்டிக்கொண்டு இவர் போய் அந்தப் படகின் கூர்ந்த முனையில் கை ஊன்றினார். அந்தப் பக்கத்திலிருந்து அவளும் ஊன்றினாள். நடுவில் ஒரு சாண் மரம். அவ்வளவுதான்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மலர்க்கொடியிடமும் சொன்னதில்லை. மைக் படத்தை அமுக்கினார். முதலில் மழையில் விட்டதைச் சொன்னார், மூன்று முத்தத்தையும் சேர்த்து. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முடிவைச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது இளவரசியின் மீனில் ஐஸ் முழுக்க உருகிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சுரேந்தர் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டான். கதையை அவன் இன்னும் ஏற்றவில்லை. "அத்தை, ஒரே ஒரு தடவ படிச்சிக் காட்டிட்டுப் போயிடறேன். அவ சரின்னா போடுவேன், வேணாம்னா அழிச்சிடுவேன்" என்றான். கமாவும் புள்ளியும் போட்டதைத் தவிர மாமா சொன்னதில் ஓர் எழுத்தையும் தான் தொடவில்லை என்றான். மாப்பிள்ளை கேட்கும்போது மலர்க்கொடியால் என்ன சொல்ல முடியும்? முறத்தில் பூண்டைக் கொட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சிங்காரம் எழுந்து தெருவுக்குப் போகப் பார்த்தார். மருமகன் விடவில்லை.

சுரேந்தர் சேலைத் திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாசித்தான். மழையை வாசிக்கும்போது அவன் செல்லை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பிறகு முடிவு வந்தது.

"அன்னிக்கி திருவிழா. ஊரே அங்க நின்னுது. அவனுக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு கல்லு தூணு. அவன் இந்தப் பக்கம் கைய வெச்சான். அவ அந்தப் பக்கம் வெச்சா. தொடல. ஆனா கல்லு சுட்டுது. நெருப்பு அவனத் தேடி வந்துது, வந்து பாத்துது, ரெண்டு கையும் ஒட்டலன்னு திரும்பிப் போயிடுச்சு. அதுக்குத் தெரியல, கல்லுக்குத் தெரிஞ்சிது. கூட்டம் போற வரைக்கும் அவ கைய எடுக்கல. அவனும் எடுக்கல. தெனமும் அந்நேரத்துக்கு அவ வருவா. அவன் நிப்பான். அது போதும்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அது கொறச்சலும் இல்ல."

 பூண்டு உரிக்கிற சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரைக்குள் இளமதி மூக்கை உறிஞ்சினாள்.

மலர்க்கொடி திரும்பாமலே பேசினாள். "பாப்பா, உங்க தாத்தாகிட்ட சொல்லு. அன்னிக்கி அந்தப் படகுக்குப் புதுசா பச்ச பெயிண்டு அடிச்சிருந்தாங்க, காயவேயில்ல. நாலு நாளைக்கு என் கையில போவல. மாமியா என்னாடி கையின்னு கேட்டாங்க, கீரை ஆய்ஞ்சேன்னு சொன்னேன்னு சொல்லு."

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டார். தன் கையிலும் பச்சை இருந்ததை அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டது அவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். பாப்பாவிடம் சொல்வதா, நேராகச் சொல்வதா என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

மலர்க்கொடி எழுந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள். செல்லை முந்தானையில் துடைத்து, திரையை விலக்கி மகளிடம் நீட்டினாள். கடைசி வரியை அவளேதான் எழுத வேண்டும், அதற்கப்புறம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும் என்றாள்.

குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு இளமதி ஒரு கையால் செல்லைப் பிடித்தாள். சுரேந்தர் அனுப்பியதை ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டினாள். எதையும் மாற்றவில்லை.

"அப்பா, உங்க பேரையும் போடட்டுமா?"

"ஐயையோ வேணாம்மா. அப்புறம் ஹார்பர்ல நான் தல காட்ட முடியாது."

அவள் சிரித்தாள். ஆபரேஷன் தையல் இழுக்கவும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். பிறகு அடியில் 'முற்றும்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு எழுதினாள். அனுப்புகிற பொத்தானைத் தொடுவதற்கு முன், அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.