மாட்டாமல் விட்ட வார்

புனேயின் ஹிஞ்சேவாடியில் வேலை பார்த்த என் கணவர், கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பியபோது பைக் ஓட்டுபவர்களுக்கான ஏர்பேக் ஜாக்கெட் ஒன்று வாங்கி வந்தார். அதன் வாரை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தூக்கி எறியப்பட்டால் வார் இழுபட்டு, கேஸ் நிரம்பி, ஜாக்கெட் உப்பிவிடும்.

ஒருநாள் அதே ஊரின் வாகட் பகுதியில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில், வாரைக் கழற்ற மறந்து இறங்கியவர், ஏதோ தடுக்கிறதே என்று வெடுக்கென்று இழுத்தார். ஜாக்கெட் பட்டென்று உப்பியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைகொட்டினார்கள்.

"பலூன் விக்கிறவராட்டம் இருக்கீங்க!" என்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இனிமே மாட்டலை, போதுமா?" என்றார்.

ஜாக்கெட்டுக்குள் இருக்கும் குட்டி கேஸ் சிலிண்டர் காலியானதால் புதுசு போட்டார். ஜாக்கெட்டையும் தினமும் போட்டுக்கொண்டார். வாரை மட்டும் சுருட்டி அதன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பைக்கில் போனபோது, ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனி கார் திடீரென்று திரும்பி அவரை இடித்துத் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரியில் ஜாக்கெட்டை என் கையில் கொடுத்தார்கள். சிலிண்டர் கேஸ் குறையாமல் அப்படியே இருந்தது. அவருடைய முதுகெலும்புதான் உடைந்திருந்தது.

இப்போது அவரால் வண்டி ஓட்ட முடியாது. அதே ஜாக்கெட்டில், ஸ்கூட்டரில், நான் வேலைக்குப் போகிறேன். வாரை மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன். சிக்னலில் சிலர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதலில் சிரித்தவள் நான்.