நாற்பது கோடு போட்ட பெட்டி

சுடுகிறவர் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். கீழே விழுந்த பித்தளையைப் பொறுக்குகிறவள் பெயர் வருகைப் பதிவேட்டில்கூடச் சில நாள் விட்டுப்போகும். நான் இரண்டாவது ரகம். தூத்துக்குடியில் உப்பளத்தைத் தாண்டி ஊருக்கு வெளியே இருக்கிற ரைபிள் கிளப்பில் ஸ்டோர் பார்க்கிறேன். பிஸ்டலில் சுட்டதும் குண்டு போய்விடும், தோட்டாவின் பித்தளைக் கூடு மட்டும் மிச்சம். கிளப்புக்கு அனுமதி இருப்பதால் அதே கூட்டில் திரும்ப வெடிமருந்து அடைத்துச் சுடுவார்கள். புதுக் கூடு வெளிநாட்டிலிருந்து வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் இருக்கிறதையே எத்தனை தடவை ஓட்ட முடியுமோ அத்தனை தடவை ஓட்டியாக வேண்டும். அடைப்பது முத்தையா அண்ணாச்சி. பொறுக்குவது, கழுவுவது, காயவைப்பது, தேறாததைக் கழிப்பது எல்லாம் நான். கழுவிய டம்ளரே திரும்ப எச்சிலாகி வருகிற ஓட்டல்காரர்களுக்கும், மடித்த சேலையே திரும்பக் கலைந்து வருகிற துணிக்கடைப் பெண்களுக்கும் என் பாடு சொல்லாமலே விளங்கும்.

வார நாட்களில் கிளப்பில் ஈ காக்கை இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் கப்பலில் என்ஜின் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வயது ஐம்பத்தெட்டு ஆகிறது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், ஒரு தடவை என்ஜின் ரூமில் மயங்கி வேறு விழுந்திருக்கிறார். இதுதான் கடைசி என்று சொல்லி அவர் ஏறிய கப்பல்கள் மூன்று. நாலாவது வேண்டாம் மாதாவே என்பதுதான் கொஞ்ச காலமாக என்னுடைய ஒரே ஜெபம்.

நாற்பத்தொன்பது

சுட்டதும் கூடு வலது பக்கம் தெறிக்கும். மணலில் விழுந்தால் கீறல்; மிதித்தால் வாய் நசுங்கும். அதனால் பழைய நெத்திலி வலை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, சுடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொடியில் கட்டித் தொங்கவிட்டேன். கூடு அதில் பட்டு, அடியில் விரித்த துணியில் பொத்தென்று விழும். நெத்திலியையே தப்பவிடாத வலை பித்தளையைத் தப்பவிடுமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஏரலில் அரிசி மில் வைத்திருக்கிற மெம்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது சுட்டார். துணியில் நாற்பத்தொன்பதுதான் இருந்தது. ஒன்றுதானே, விடுங்கள் என்று அவர் காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கு விட மனசில்லை. போன ஒன்று திரும்பி வரவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. அது பித்தளையாலே வந்த குணமா, கப்பல்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த குணமா, தெரியாது. எல்லாரும் போன பிறகு மணலைச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். தனியாக முட்டி போட்டுச் சலித்துக்கொண்டிருக்கும்போது ஏனோ அழுகை வந்தது. மறுநாள் மத்தியானம் மில்காரர் போன் செய்தார்.

“அக்கா, நீங்க தேடுன ஆளு என் சட்டைப் பையில உக்காந்து ஏரலுக்கு வந்துட்டாரு. துவைக்கப் போட்டப்ப எங்க வீட்டுல கண்டுபிடிச்சிட்டாவ.”

மினுக்கம்

இது முழுக்க நான் செய்த தப்பு. கடல் காற்றுக்குப் பித்தளை ஒரு வாரத்தில் கறுத்துவிடும். புளித்தண்ணியில் அலசி, நல்ல தண்ணியில் கழுவி, நிழலில் காயவைத்தால் போதும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நான் கேட்டால்தானே. எங்கள் கோயில் திருவிழாவுக்குப் பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்குவது எங்கள் தெருப் பெண்கள் பொறுப்பு. மூக்கைப் பிடுங்குகிற நெடியோடு ஒரு பாலிஷ் வரும். தேய்த்தால் பொன்னாக மின்னும். பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து ஒரு பெட்டிக் கூடு முழுவதையும் தேய்த்துவிட்டேன். பேச ஆள் இல்லாத ஸ்டோரில் ஐம்பதும் மினுமினுவென்று நிற்பதைப் பார்க்க ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

இரண்டே தடவை சுட்டதில் பாதிக்கு மேல் வாய் பிளந்துவிட்டது. அந்தப் பாலிஷில் இருக்கிற அமோனியா பித்தளையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடுமாம். இன்னும் இருபது தடவை ஓட வேண்டிய பெட்டி. அண்ணாச்சி திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். உடைந்ததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

“பீடத்துல சும்மா நிக்கிற சாமானுக்கு மினுக்கம் போதும் ஸ்டெல்லாம்மா. இது தீக்குள்ள போயிட்டு வார சாமான்.”

பொய் சொல்லாத பேஷண்ட்

விரிசல் சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து கூட்டை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினால் காதுக்குத் தெரிந்துவிடும். நல்ல கூடு சலங்கை மாதிரி கணீரென்று கேட்கும். கீறல் விட்ட ஒன்று உள்ளே இருந்தால் சத்தம் சப்பென்று போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் குலுக்கி அந்த ஒன்றைப் பிடித்துவிடுவேன்.

ஞாயிறுதோறும் சுட வருகிற டாக்டர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வாரம்தான் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து வாட்ஸப்பில் கூப்பிட்டு, ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன் என்றிருந்தார். குரல் சப்பென்றிருந்தது. அதை டாக்டரிடம் சொல்லி, மனுஷருக்கும் இப்படி ஒரு சோதனை கிடையாதா என்று கேட்டேன். டாக்டர் என் கையிலிருந்த கூடுகளை வாங்கி ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார்.

“எங்க தொழில்லயும் தட்டிக் கேட்டுத்தாம்மா பாக்கோம். ஆனா ‘எனக்கு ஒண்ணுமில்ல’ன்னு பொய் சொல்லாத பேஷண்ட் உங்களுக்கு மட்டுந்தான் வாய்ச்சிருக்கு.”

நாற்பது கோடு

ஒரு பெட்டியை ஒரு தடவை சுட்டால் மூடியில் ஒரு கோடு போடுவேன். ஸ்டோரிலேயே மூத்த பெட்டியில் நாற்பது கோடு. வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தபோது, நான் மறந்துவைத்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நான் அந்த மூத்த பெட்டியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சப்பென்றது, எடுத்துப் பார்த்தால் வாயோரம் மயிரிழை மாதிரி கீறல். கழித்துப் போடப் போனேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கென்ன, இன்னும் ஒரு தடவை தாங்கும் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாங்காது, கேட்டுப் பாருங்கள் என்று நல்ல கூடு நாலை அவர் காதோரம் குலுக்கினேன். பிறகு கீறல் விட்டதைச் சேர்த்துக் குலுக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டார். முப்பது வருஷம் என்ஜின் இரைச்சலுக்குள் கிடந்த காது. இரண்டு தடவை, மூன்று தடவை குலுக்கினேன். அவர் கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் பெட்டி மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேக்கு, ஏளா. கப்பல் ஏஜெண்டுகிட்ட காலையில சரின்னு சொல்லிட்டேன்.”

அவர் கப்பலேறி நாலு மாதம் ஆகிறது; ஒரு கூடு ஓடியது போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட கிளப்பில் எனக்கு மட்டும்தான் அதிகாரம், வீட்டில்தான் அந்தப் பதவிக்கு இன்னும் ஆர்டர் வரவில்லை.