முரசுமோட்டைப் பதாகையும் தங்கையின் பூத்தட்டும்

இருபது வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை வவுனியாவிலிருந்து முரசுமோட்டைக்குப் போனேன். பெரியப்பாவின் பேத்தி துளசி விமானப் பணிப்பெண்ணாகத் தெரிவாகியிருக்கிறாள். பயிற்சிக்கு வழியனுப்பும் மதிய விருந்து. அந்த வீட்டுப் படி மிதிக்க எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த தங்கைதான் இழுத்துப்போனாள். அவளும் நீண்ட காலமாக அதே வேலை பார்ப்பவள்.

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணப் பேருந்து. பரந்தன் சந்திக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். இடப்பக்கம் இருங்கள், வலப்பக்கம் முழுக்க வெயில். அங்கிருந்து முல்லைத்தீவு வீதியில் ஓட்டோ, அறுநூறு ரூபாய்.

“பிளேன் பிள்ளை வீட்டுக்கோ? ஏறுங்கோ. ஊருக்கே பெருமை. என்ர மகளையும் அதுக்கெண்டு இங்கிலீசு வகுப்புக்கு விட்டிருக்கிறன்,” என்றார் ஓட்டுநர்.

“நீந்தவும் பழக்குங்கோ,” என்றாள் தங்கை.

“மேல பறக்கிறதுக்கு நீச்சல் என்னத்துக்கு அக்கா?”

“கீழ விழுந்தா?”

ஓட்டுநர் கண்ணாடியில் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு ஓட்டோவை முடுக்கினார்.

வயல்வெளி தாண்டியதும் பதாகை. துளசியின் படம், பின்னால் பெரிய விமானம், கீழே பெரியப்பாவின் பெயர். போர்க்காலத்தில் வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்த ஊர் இது.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் இதே வீட்டில்தான் துளசியின் தகப்பனுக்குக் கலியாணம் நடந்தது. பூத்தட்டோடு முன்னுக்கு நின்ற என் தங்கையின் கையிலிருந்து பெரியப்பா தட்டைப் பிடுங்கினார். “பிளேனில கண்டவனுக்கும் ஊத்திக் குடுக்கிறவள் முன்னுக்கு நிக்கக் கூடாது.” சபை முழுக்கக் கேட்டது. பிறகு அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடமும் அவரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. அவள் கலியாணம் கட்டவேயில்லை.

விருந்தன்று அவள் துளசியோடு அறைக்குள் இருந்தாள். கதவடியில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. “சப்பாத்து ஒரு அளவு பெரிசா வாங்கு, கால் வீங்கும். ஆரும் தொட்டால் சிரிக்காத. கையை எடுங்கோ எண்டு சத்தமாச் சொல்லு. நாங்கள் சிரிச்சுச் சமாளிச்ச காலம் வேற. சாப்பாடு குடுக்கிறது சின்ன வேலை. நெருப்பெண்டால் எல்லாரையும் இறக்கிறதுதான் வேலை.”

பின்னேரம் துளசியை ஏற்றிப்போக வாடகை வான் வந்தது. பயணம் வெளிக்கிடும்போது நல்ல ராசியுள்ள ஒருவர் வாசல் படலையில் எதிரே வரவேண்டும், முழுவியளம் என்பார்கள்.

“மாமி வரட்டும், அப்பப்பா,” என்றாள் துளசி.

“விசரே உனக்கு? கலியாணம் கட்டாத ஆள் எதிர வாறதோ?” என்றார் பெரியப்பா. பிறகு தங்கையிடம், “குறை நினையாத பிள்ளை.”

அன்று வேலையைச் சொன்னார். இன்று அந்த வேலைக்குப் பதாகை கட்டிவிட்டு, தான் குழப்பிய கலியாணத்தைச் சொல்கிறார். நான் கதிரையை விட்டு எழும்பினேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்து அமர்த்தினாள். முகத்தில் பயணிகளுக்கென்று பழகிய அந்தச் சிரிப்பு.

துளசி பையை முற்றத்தில் வைத்தாள். “மாமி வந்தால்தான் நான் வெளிக்கிடுவன்.”

வான்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் பெரியப்பா எழும்பிக் குசினி அடுப்படிப் பக்கம் போனார். தங்கை வீதிக்குப் போய், திரும்பி, படலையால் மெல்ல உள்ளே வந்தாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: பொழுது சாயமுன் பரந்தனுக்கு வந்துவிடுங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பேருந்துகள் நிறைந்துதான் வரும். நாங்கள் மாங்குளம் வரை நின்றுகொண்டு வந்தோம். எல்லாரையும் பேர் சொல்லி இணையத்தில் எழுதப்போவதாகத் தங்கையிடம் சொன்னேன்.

“எழுது அண்ணா. பேர் மட்டும் போடாத. பெரியப்பாவைச் சொல்லப்போய் அந்தப் பிள்ளையைத்தான் கதைப்பினம். அவள் இன்னும் பறக்கவே தொடங்கேல்லை.”

அந்த வேலைக்கு ஊர் இன்று கொடுக்கும் மரியாதை, அதை முதலில் செய்தவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பெரியப்பாவை நான் மன்னிக்கவுமில்லை. ஆனாலும் அவர் பெயரை எழுதியிருந்த இடங்களில் அழித்துவிட்டேன். துளசி என்பதும் அவளுடைய பெயரல்ல. ஊர்க்காரருக்கு விளங்கும்; மற்றவர்கள் என் பெயரைப் பிடித்து அவளிடம் போகவேண்டாம். கீழே பெயரில்லாமலே பதிவேற்றுகிறேன்.